ஆராரோவை வெட்டிய பாட்டு

கீபோர்டு பம்பாயிலிருந்து வந்தது. இரண்டு பழைய லுங்கிகளில் சுற்றி, மேலே சாக்கு வைத்துத் தைத்திருந்தார்கள். தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அதை ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து, திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, சேரன்மகாதேவி பஸ் பிடித்து எங்கள் ஊரில் சேர்த்தார். அனுப்பியவன் என் சித்தியின் மகன். எனக்கு மூன்று வயது மூத்தவன், அதனால் எனக்கு அண்ணன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தான்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவும் சித்தியும் கைநாட்டு. அப்பாவுக்குப் பேரை மட்டும் எழுத வரும். இரண்டு வீட்டிலும் சேர்த்துப் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். நான் படிப்பதற்காகத்தான் அண்ணன் ரயிலேறினான் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவன் பம்பாய் போன வருஷம்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். ஹாஸ்டலுக்குப் பக்கத்துக் கோவிலில் ஆர்மோனியம் பழகுவதாக ஒரு கடிதத்தில் எழுதியிருந்தேன். அதை நினைவில் வைத்திருந்து, யாரோ விற்றுவிட்டுப்போன பழைய கீபோர்டை வாங்கி அனுப்பிவிட்டான். கூட ஒரு கடிதம். எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே எனக்கு மனப்பாடம். 'நீ இதுல ஒரு பாட்டு போட்டு கேசட்டா அனுப்பு. பட்டறைல எல்லாருக்கும் போட்டுக் காட்டணும். என் தம்பி போட்டதுன்னு சொல்லணும்.'

அதுதான் கடைசிக் கடிதம். அந்த டிசம்பரில் பம்பாயில் கலவரம் தொடங்கியது. ஜனவரியில் மறுபடியும். ஊருக்கு ஓடிவந்தவர்களிடம் சித்தி ஒவ்வொருவராகப் போய்க் கேட்டாள். பட்டறை எரிந்துபோனது என்றார் ஒருவர். எரியவில்லை, பூட்டிக் கிடக்கிறது, பையன்களெல்லாம் சூரத் பக்கம் போய்விட்டார்கள் என்றார் இன்னொருவர். பலசரக்குக் கடைக்காரர் மட்டும், "நான் பாக்கல மதினி. பாத்தேம்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். சித்திக்கு அவர் ஒருவரைத்தான் பிடித்திருந்தது.

சித்தப்பா முன்பே இறந்துவிட்டார். சித்தி வீடு எங்கள் வீட்டை ஒட்டி, நடுவில் ஒரு முருங்கை மரம். தினமும் மத்தியானம் சோறு பொங்கியதும் அண்ணனுடைய வட்டிலை எடுத்துக் கழுவி, ஒரு கை சோறு வைத்து மூடி வைப்பாள். சாயங்காலம் அதையே தண்ணீர் விட்டுத் தான் சாப்பிடுவாள். எங்கள் தெருப் பெண்கள் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். வருஷம் ஒன்று ஆயிற்று, ஆற்றங்கரையில் ஒரு முழுக்குப் போட்டு, செய்யவேண்டியதைச் செய்துவிட்டால் பிள்ளைக்கும் நல்லது என்றார்கள். சித்தி பீடி சுற்றித்தான் பிழைத்தாள்; மடியில் இருந்த பீடிச் சுளகிலிருந்து தலையைத் தூக்காமல், "உங்க பிள்ளைக்குச் செய்யுங்க" என்றாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம். துட்டி வீட்டில் ஒப்பாரி எடுத்துக் கொடுக்கச் சித்தியைத்தான் கூப்பிடுவார்கள். அவள் முதல் அடியை எடுத்தால் மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். கடிதம் நின்ற நாளிலிருந்து அவள் எந்தத் துட்டி வீட்டுக்கும் போகவில்லை. ஒன்றுவிட்ட அக்கா இறந்தபோதுகூட வாசல்வரை போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். அந்த ராகத்தை வாயில் எடுக்கக்கூடாது என்று இருந்தாள். இது ஊருக்கெல்லாம் தெரியும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அவள் பிறந்த ஊருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் நான் அதை ஒரு பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன்.

படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் இருந்த நேரம். கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கப் போவேன். அப்படிப் போன இடத்தில் பாளையங்கோட்டையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் பழக்கமானார். வளையல் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். கொடை விழாவுக்கு அம்மன் பாட்டு, தேர்தலுக்குப் பிரச்சாரம், பள்ளி ஆண்டு விழாவுக்கு நடனப் பாட்டு என்று எல்லாம் அங்கே பதிவாகும். நான் எலக்ட்ரானிக் தாளத்தோடு சொந்தமாக ஒரு கேசட் போடவேண்டும் என்றேன்.

"பத்துப் பாட்டுக்கு ஒன்கிட்ட சரக்கு இருக்காவே?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. ஒண்ணுதான் இருக்கு."

"அப்பம் ஒண்ணே போடு. ஒரு பக்கம் குரலோட, மறுபக்கம் வெறும் மியூசிக். வெளிநாட்டுல அப்படித்தான் போடுதானாம். பாடுதது யாரு?"

சித்தி பீடி சுற்றும்போது சன்னமாக ஒரு தாலாட்டை முனகுவாள். அண்ணனுக்கு அவள் பாடிய தாலாட்டு. அவன் போனபிறகு அதில் புதிதாக அடிகள் சேர்ந்திருந்தன. அவன் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ஆற்றுப் பாலத்தின்மேல் பஸ்ஸில் போனதை அவளே கட்டியிருந்தாள்.

ஆராரோ ஆரிரரோ – என்
கண்ணே நீ ஆராரோ
பச்சைச் சட்டை போட்ட கண்ணே
பாலம் தாண்டிப் போன கண்ணே
வச்ச சோறு ஆறலையே – உன்
வட்டில் இன்னும் காயலையே
ஆராரோ ஆரிரரோ

இந்தக் குரலுக்கு அடியில் எலக்ட்ரானிக் டிரம்மும், மேலே நீளமாக இழுக்கும் சிந்தசைசர் ஒலியும் வந்தால் எப்படி இருக்கும் என்று மாதக்கணக்காக மனதுக்குள் போட்டுப் பார்த்திருந்தேன். பழைய குரலும் புதிய ஒலியும். அப்படி ஒன்று எங்கள் ஜில்லாவிலேயே யாரும் செய்ததில்லை என்று நம்பினேன்.

சித்தி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எம் பிள்ளைக்குப் பாடுதத ஊரான் கேக்கதுக்கா?" என்றாள். அப்போது அந்த வார்த்தையைச் சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேன்.

"தாராவில கடைக்காரர் இந்தக் கேசட்டப் போடுவாரு சித்தி. நம்ம ஊர்க்காரனெல்லாம் அங்கனதான் வருவான். அண்ணன் எங்கன இருந்தாலும் ஒரு நாளைக்கு உங் குரலு அவன் காதுல விழும்லா."

சித்தி இலை வெட்டும் கத்திரியைக் கீழே வைத்தாள். "விழுமாய்யா?" என்றாள்.

"விழும்."

மறுவாரம் நல்ல சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து என்னோடு பஸ் ஏறினாள். மாடி அறையில் ஒலிப்பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். நின்றுகொண்டு பாட அவளுக்கு வரவில்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அண்ணாச்சி மைக்கை ஒரு முக்காலியில் கட்டித் தாழ்த்தினார். ஹெட்போனை மாட்டி, நான் செய்துவைத்திருந்த தாளத்தைப் போட்டுவிட்டேன். உடனே கழற்றிவிட்டாள்.

"யாருல கதவத் தட்டிக்கிட்டே இருக்கது?"

"அதுதான் சித்தி தாளம். அதுகூடச் சேந்து பாடணும்."

"பிள்ளைய ஒறங்க வைக்கப் பாடுதேன், தட்டிக்கிட்டே இருந்தா அது எப்படில ஒறங்கும்?"

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். சித்தியும் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நீட்டிய கால்களை லேசாக ஆட்டிக்கொண்டு, தாளம் இல்லாமலேயே ஒரே மூச்சாகப் பாடி முடித்தாள். முடித்ததும் மைக்கைப் பார்த்து, "கேக்குதாய்யா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் கேசட் அட்டையில் என்ன போடுவது என்று பேச்சு வந்தது. அண்ணாச்சி 'குரல்: தாய், இசை: மகன்' என்று போடச் சொல்லியிருந்தார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சித்தி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நீயும் பிள்ளைதானல, போடு" என்றாள்.

அதற்குப் பிறகு நான்கு நாள் அந்த மாடியிலேயே கிடந்தேன். அவள் குரலைத் தாளத்தின்மேல் உட்கார வைக்க வேண்டும். இரண்டு டேப் டெக்குகளுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி, அடி அடியாக எடுத்து ஒட்டினேன். வார்த்தை உள்ள அடிகள் எப்படியோ நான்கு எண்ணிக்கைக்குள் வந்துவிட்டன. ஆராரோ மட்டும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அதை ஒவ்வொரு நீளத்துக்கு இழுத்திருந்தாள். ஒன்று எண்ணிக்கைக்கு முன்பே முடியும், இன்னொன்று தாண்டிப் போகும். மூன்றாம் நாள் எல்லா ஆராரோவையும் வெட்டி எடுத்தேன். 'என் கண்ணே' என்ற நீண்ட இழுப்பை மட்டும் பிரித்து முன்னால் வைத்தேன். அது ஒரு கூப்பாடு மாதிரி மேலே எழும்பி இறங்கியது. அதன் பின்னால் தாளம் வந்து விழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அண்ணாச்சி கேட்டுவிட்டுக் காதைச் சொறிந்தார். "நல்லாருக்குவே. ஆனா தாலாட்டு மாதிரி இல்லையே."

"அதான் அண்ணாச்சி வேணும். தாலாட்டுன்னா பழசாயிரும்."

அவர் டவுணில் பிறந்து வளர்ந்தவர். அதற்குமேல் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே நடை, கிட்டத்தட்ட ஒரே ராகம். பிள்ளைக்குப் பாடுகிறாளா பிணத்துக்குப் பாடுகிறாளா என்று தூரத்தில் வருகிறவனுக்குச் சொல்வது அந்த ஆராரோதான். ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்தவனுக்கு அது காதுக்குள் போகவே இல்லை. நான் எண்ணிக்கையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் கேசட்டை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். 'என் கண்ணே' என்று எழும்பியதுமே அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். பாட்டு முடியும்வரை நின்றாள்.

"ஆராரோ எங்கல?"

"தாளத்துக்கு ஒத்துவரலம்மா. எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத அவளுக்குப் போட்டுக் காட்டாத" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்குப் புதிய இசை பிடிக்காது என்று நானே முடிவுசெய்துகொண்டேன். சித்தியிடம் டேப் ரிக்கார்டர் கிடையாது. அவளும் போட்டுக்காட்டச் சொல்லவில்லை. அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. "பம்பாய்க்குப் போயிருச்சாய்யா?" ஆடிக் கொடைக்கு வந்திருந்த பலசரக்குக் கடைக்காரர் திரும்பும்போது ஒரு பை நிறையக் கொண்டுபோனார். போயிருச்சு சித்தி என்றேன்.

மிச்சத்தை நான் டீக்கடைகளிலும் தனியார் டவுண் பஸ் டிரைவர்களிடமும் கொடுத்தேன். சேரன்மகாதேவிக்கும் திருநெல்வேலிக்கும் ஓடிய ஒரு பஸ்ஸில் டிரைவருக்குப் பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. காலையும் மாலையும் அதையே போட்டார். ஒரு நாள் நானே அந்த பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். கல்லூரிப் பையன்கள் படியில் நின்று தாளம் போட்டார்கள். முன்பக்கம் பெண்கள் இருக்கைகளில் பேச்சு சட்டென்று நின்றுபோனதைக் கவனித்தேன். அவர்களும் ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். சித்தி வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே வட்டிலில் சோறு மூடியிருந்தது. நான் முருங்கை மரத்தடியில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் பஸ் நின்று போகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே அழுகைச் சத்தம்.

அக்கரையிலிருந்து சித்தியின் பிறந்த ஊர்ப் பெண்கள், பத்துப் பன்னிரண்டு பேர். தெருமுனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, துட்டி வீட்டுக்கு வருவது போலவே வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவள் அம்மாவுக்கும் சித்திக்கும் பெரியம்மா மகள். "ஏளா, பச்சச் சட்டைல போன பிள்ளைய இனி எங்கன பாப்பேன்" என்று ராகம் நீட்டிக்கொண்டு வந்தாள்.

சித்தி எழுந்தாள். சுளகு கவிழ்ந்து, இலையும் தூளும் வாசலெல்லாம் கொட்டியது. அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கு எப்பம்ல தெரியும்?"

"என்னது சித்தி? எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சேதி எப்பம் வந்துது? சொல்லு. எவன் வந்து சொன்னான்?"

"சத்தியமா ஒரு சேதியும் வரல சித்தி."

வந்தவர்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். சித்தி அவர்களைப் பிய்த்துத் தள்ளினாள். "எதுக்குடி வந்திய? ஒங்களுக்கு யாரு சொன்னது?"

பெரியம்மா மகள் திகைத்து நின்றாள். "நீதானளா சொன்ன. பஸ்ஸுல உங் குரலக் கேட்டுத்தான வந்தோம். ரெண்டு வருசமா வாயத் தொறக்காதவ தொறந்துட்டாளே, சேதி வந்துட்டுதுன்னுதான வந்தோம்."

"நான் எங்கடி அழுதேன்? தாலாட்டுல்லா பாடினேன்!"

வந்தவர்களில் ஒருத்தி பைய, "தாலாட்டு இல்லக்கா அது" என்றாள்.

சித்தி என் பக்கம் திரும்பினாள். "கொண்டாந்து போடு."

அம்மா எங்கள் வாசலில் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் போய் டேப் ரிக்கார்டரை எடுத்துவந்தேன். ஏன் எடுத்துவந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒருவேளை சித்தி கேட்டுவிட்டு, இது தாலாட்டுதான் என்று அவர்களிடம் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. கொட்டிக்கிடந்த பீடித் தூளுக்கு நடுவில் அதை வைத்து அமுக்கினேன்.

என் கண்ணே என்று குரல் எழுந்தது. பிறகு கதவைத் தட்டுவது போன்ற அந்தத் தாளம். பச்சைச் சட்டை, பாலம், சோறு, வட்டில். சித்தி தலையைச் சாய்த்து, அடுத்த வீட்டுப் பேச்சைக் கேட்பது போலக் கேட்டாள். ஆராரோ வரவேண்டிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவள் உதடு அசைந்தது. அங்கே சிந்தசைசர் வந்தது. முடிந்ததும் டேப் சரசரவென்று ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

"நானே அழுதுட்டேன்" என்றாள் சித்தி.

"இல்ல சித்தி, நான்தான் வெட்டி…"

"எம் பிள்ளைக்கு நானே அழுதுட்டேன். ஊரெல்லாம் கேட்டுருக்கு."

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையை அவிழ்த்தாள். அதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வந்தவர்கள் வட்டமாக உட்கார, அவள் நடுவில் உட்கார்ந்து முதல் அடியை எடுத்தாள். இரண்டு வருஷமாக வாய்க்குள் வைத்துப் பொத்தியிருந்தது வந்தது. மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். அம்மாவும் போய் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வட்டிலில் இருந்த சோற்றை ஒருவரும் தொடவில்லை. அம்மாதான் எடுத்துக் காக்காய்க்கு வைத்தாள்.

டிரைவர்களிடம் போய் ஒவ்வொரு கேசட்டாகத் திரும்ப வாங்கினேன். ஒருவர், "ஏன்வே, நல்லா ஓடுத பாட்ட நிறுத்துத?" என்று சண்டைக்கு வந்தார். தாராவிக்குப் போனதைத் திரும்ப வாங்க முடியவில்லை. கடைக்காரருக்குக் கடிதம் எழுதினேன். 'தம்பி, இங்கே எல்லாரும் விரும்பிக் கேட்கிறார்கள், நம் ஊர்ப் பெண்கள் கடை வாசலில் நின்று அழுதுவிட்டுப் போகிறார்கள்' என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. அண்ணன் உயிரோடு இருந்து, ஒரு நாள் அந்தக் கடைப்பக்கம் வந்திருந்தால் என்ன கேட்டிருப்பான்? அவனைப் பெற்றவள் அவனுக்கு அழுது முடித்துவிட்டாள் என்பதைத்தான் கேட்டிருப்பான். அவன் அனுப்பிய கீபோர்டில் நான் வாசித்த பாட்டில். அதற்குப் பிறகு ஒருவன் எதற்கு ஊருக்கு வருவான்?

ஒன்று மட்டும் செய்யலாம் என்று தோன்றியது. ஆராரோவைத் திரும்ப வைத்து, வேறொரு கேசட் போட்டு அனுப்பலாம். பாளையங்கோட்டைக்கு ஓடினேன். அண்ணாச்சி அலமாரியைத் துழாவினார். சித்தி ஒரே மூச்சாகப் பாடிய அந்த டேப்பின்மேல் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாப் பாட்டைப் பதிந்திருந்தார். டேப்பைத் திரும்பத் திரும்ப உபயோகிப்பதுதான் அங்கே வழக்கம். "சொல்லிருந்தா எடுத்து வச்சிருப்பேனேவே" என்றார். அவர்மேல் தப்பில்லை. வெட்டிய துண்டுகளை நான்தான் அழித்திருந்தேன்.

சித்தியிடம் கேட்கத் துணிவு வர ஐந்தாறு வாரம் ஆயிற்று. அவள் மறுபடியும் வாசலில் உட்கார ஆரம்பித்திருந்தாள். பேச்சு குறைந்திருந்தது. என்மேல் கோபம் என்று சொல்ல முடியாது. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அண்ணாச்சியிடம் இரவல் வாங்கிய சின்ன ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சித்தி, ஆராரோ மட்டும் ஒரு தடவ பாடு. தாளம் ஒண்ணும் இல்ல. எவ்வளவு நீளம் வேணும்னாலும் இழு. நான் அப்படியே வச்சுருதேன். மொதல்ல கொஞ்சம், கடைசில கொஞ்சம். அது போதும்."

அவள் இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள். தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றிச் சுளகில் போட்டாள். அடுத்த இலையை எடுத்தாள்.

"சித்தி."

"யாருக்குல?" என்றாள்.

கையை நிறுத்தவில்லை. உண்மையாகவே கேட்ட கேள்வி. நான் அவளுக்குப் பின்னால் பார்த்தேன். கழுவித் துடைத்த வட்டில் அலமாரியில் கவிழ்ந்திருந்தது. ரிக்கார்டரில் பதிவுப் பொத்தானை நான் ஏற்கெனவே அமுக்கியிருந்தேன். பீடி இலை வெட்டுகிற சத்தம் மட்டும் அதில் பதிந்துகொண்டிருந்தது. டேப் முடியும்வரை அதை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.